எட்டு மூலைச் சுத்தியல்

ப்ரோனியாவின் பட்டறைக்கு வருகிறவர்கள் வணக்கம் சொல்வதற்கு முன் கையைக் காட்ட வேண்டும்.

"கையுறையைக் கழட்டு. விரி. இப்போ திருப்பு."

ஜகோபானே என்ற மலையூரில் ஸ்கீ வாடகைக் கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒற்றை அறைக்குக் குளிர்காலம் முழுக்க மலையேறிகள் பனிக்கோடாலியோடு வந்து நிற்பார்கள். இப்போது வருகிற கோடாலிகள் பார்வைக்கு அழகுதான். வாத்தின் கழுத்து மாதிரி வளைந்த பிடி, முன்னால் கூரான அலகு. பின்னந்தலை மட்டும் மொட்டை. உறைந்த அருவியில் ஏறிவிட்டு இறங்குகிறவனுக்கு அது போதும். தாத்ரா மலையில் போதாது. இங்கே பனிக்கு நடுவில் பாறை இருக்கும், பாறைக்கு நடுவில் கல்லாய் இறுகிய புல்மண் இருக்கும். ஆணி அடித்து, அதில் கயிற்றை மாட்டி மாட்டித்தான் மேலே போக முடியும். ஒரு கையால் தொங்குகிறவனுக்குச் சுத்தியல் பிடிக்க வேறு கை எங்கே இருக்கிறது? அதனால் ஜோடிக் கோடாலிகளில் ஒன்றின் மொட்டைத் தலையில் சுத்தியல் பொருத்தித் தரச் சொல்லி இவளிடம் வருகிறார்கள்.

ப்ரோனியா ஒருநாளும் மலை ஏறியவள் அல்ல. ஸ்கீ தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அது மூடியபோது அங்கிருந்த துளை போடும் இயந்திரத்தோடு வெளியே வந்தாள். இரும்பை அவள் நம்புவதில்லை, மனிதர்களை அதைவிடக் குறைவாக நம்புகிறாள். எஃகுக் கட்டியை அறுத்து, நடுவில் பிளவு போட்டு, அலகின் வால்பக்கம் செருகி, குறுக்கே போல்ட் போட்டு இறுக்குவாள். வெல்டிங் வைக்கவே மாட்டாள். "சூடு காட்டினா அலகோட பதம் செத்துடும். அப்புறம் அது சாக்லேட்டு" என்பாள். முடித்ததைக் கொடுத்துவிடுவதும் இல்லை. மறுநாள் காலையில் எதிரியின் வேலையைப் பார்ப்பதுபோல் அதைத் தானே கழற்றப் பார்ப்பாள். அசையவில்லை என்றால்தான் சொந்தக்காரனுக்குக் கிடைக்கும்.

அவள் செய்த சுத்தியலை ஊரில் எல்லாரும் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் சதுரமாக விடுவார்கள், இல்லையென்றால் உருட்டிவிடுவார்கள். சதுர மூலை கயிற்றை அறுக்கும் என்பது ப்ரோனியாவின் சந்தேகம். உருண்டை முகம் ஆணித் தலையில் வழுக்கும் என்பது அடுத்த சந்தேகம். அதனால் நாலு மூலைகளையும் சரித்துத் தேய்த்து எட்டு மூலையாக்கிவிடுவாள்.

சுவரில் ஒரு பலகை தொங்கும். கடன் இல்லை. வெல்டிங் இல்லை. சொந்தக்காரர்களுக்கு இல்லை.

மூன்றாவதுக்குக் காரணம் கேட்டால் சொல்வாள்: "வெளியாள் விழுந்தா போலீஸ் வரும், பதில் சொல்லிக்கலாம். வீட்டாள் விழுந்தா, மிச்சம் இருக்கறவங்க எதிர்ல உக்காந்து சூப் குடிக்கணும்."

அவள் கணவன் ஃபெலிக்ஸ் ஜனவரியில் ஒரு புதுக் கோடாலியை மேசைமேல் வைத்தபோது அவள் அந்தப் பலகையைத்தான் காட்டினாள்.

"எனக்கில்லடி. கோர்னெலுக்கு."

"அவனுக்குக் கால் இல்லையா? அவனே வரமாட்டானா?"

"கிராகோவுல வேலையாம். என்கிட்ட கொடுத்துவிட்டான். இடதுகைக் கோடாலியிலதான் சுத்தியல் வேணுமாம்."

ப்ரோனியா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தாள். ஃபெலிக்ஸின் பழைய மலைக் கூட்டாளி கோர்னெலுக்கு அவள் முன்பே செய்திருக்கிறாள். அவன் சோற்றுக்கை வலது. சுத்தியல் பிடிப்பதும் வலது. ஆணியை இடது கையால் அடிக்கிற ஒரு ஆளை அவளுக்கு நன்றாகத் தெரியும். இளவயதில் வலது தோளை உடைத்துக்கொண்டு, அதற்கப்புறம் பீச்சாங்கையாலேயே மலையெல்லாம் ஆணி அடித்தவன். இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் நின்று ஜன்னல் வழியாக எதையோ ரசித்துக்கொண்டிருந்தான்.

போன குளிர்காலத்தில் ஃபெலிக்ஸின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே என் கால் தரையை விட்டுக் கிளம்பாது" என்று சொன்னான். சொன்னது அவன். நம்பியது அவள். வாழ்நாளில் அவள் செய்த அபூர்வமான காரியங்களில் அது ஒன்று. இப்போது அது பொய் என்றால் எந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கல்லாய் இறுகிய மண்ணில் ஆணி அடித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொள்வான் என்று தெரியாது. கேட்டால் சத்தியம் பண்ணுவான். முடியாது என்று சொன்னால் வெல்டிங்காரனிடம் போவான். அவள் இரண்டையும் யோசித்துவிட்டு, "வெச்சிட்டுப் போ" என்றாள்.

கையைக் காட்டச் சொல்லவில்லை. யார் கை என்றுதான் தெரிந்துவிட்டதே.

வழக்கமாக அவள் செய்யும் சுத்தியல் எலுமிச்சம்பழக் கனம் இருக்கும். இதை நல்ல ஆப்பிள் கனத்துக்குச் செய்தாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. போல்ட்டின் தலை கயிற்றில் சிக்காதபடி இடதுகைக்காரனுக்கு ஏற்ற பக்கம் திருப்பி வைத்தாள். எட்டு மூலையையும் தேய்த்தாள். மறுநாள் கழற்றப் பார்த்தாள். அசையவில்லை. கொடுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் வேவு ஆரம்பமானது.

ஃபெலிக்ஸ் சனிக்கிழமைகளில் "கொஞ்சம் நடந்துட்டு வரேன், டாக்டர் சொல்லியிருக்கார்" என்று காரை எடுத்துக்கொண்டு போனான். நடக்கப் போகிறவனுக்குக் கார் எதற்கு? திரும்பி வந்ததும் அவன் குளிக்கும் நேரத்தில் ப்ரோனியா கோட்டுப் பையைத் துழாவினாள். ஈரமான தோல் கையுறை இருந்தது. உள்ளங்கையில் குறுக்காக ஒரு கரிய கோடு, கயிறு உரசிய கோடு. காரின் பின்பெட்டியில் பழைய கம்பளிக்கு அடியில் கோடாலி கிடந்தது. சுத்தியல் முகத்தின் பளபளப்பு போய் ஆணித் தலைகளின் தழும்பு விழுந்திருந்தது. பூட்ஸைத் தூக்கிப் பார்த்தாள். அடியில், பனியில் குத்தி நிற்க மாட்டும் கால்முள்ளின் தடமே இல்லை, நுனியில் ஒரு கீறலும் இல்லை. பனிச்சுவரில் உதைத்து ஏறியவன் பூட்ஸ் இப்படிப் புதுசு மாதிரி இருக்காது. அது மட்டும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. வேறு பூட்ஸ் எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பான் என்று முடிவு கட்டினாள்.

சந்தையில் ஆட்டுப்பால் புகைப் பாலாடை விற்கும் கடை முன்னால் கோர்னெல் அகப்பட்டான். கையில், ஊரார் 'கரண்டு டீ' என்று சொல்லும் டீ. டீயில் பாதிக்குமேல் சாராயம்தான்.

"என்ன கோர்னெல், கிராகோவுல வேலை எப்படி?"

"கிராகோவுலயா? நானா? ... ஆங், கிராகோ. ஓடுதுக்கா."

"கோடாலி எப்படி இருக்கு?"

"எந்தக் கோடாலி?"

"நான் சுத்தியல் வெச்சுக் கொடுத்தது."

"ஓ, அந்தக் கோடாலி! பிரமாதம்க்கா. கைக்கு அப்படியே ஒட்டிக்குது."

"எந்தக் கைக்கு?"

கோர்னெல் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். ஒன்றில் டீ, ஒன்றில் பாலாடை. "ரெண்டு கைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, கொதிக்கிற டீயை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு ஓடினான்.

இதற்கிடையில் இன்னொரு சந்தேகமும் முளைத்தது. மகள் ஒதிலியா ஊருக்குள் தனி அறை எடுத்து இருக்கிறாள், பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. ஞாயிறு தவறாமல் சாப்பிட வருகிறவள் ஒரு ஞாயிறு வரவில்லை. போனில், "பஸ்சு கதவுல இடிச்சிக்கிட்டேன்மா, ஒண்ணுமில்ல" என்றாள். எங்கே இடித்தது என்று கேட்டால் "சும்மா, லேசா" என்றாள். பெண்கள் கதவில் இடித்துக்கொண்ட கதைகள் ப்ரோனியாவுக்குத் தெரியும். தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் நின்றவள் வருஷக்கணக்காகக் கதவில் இடித்துக்கொண்டாள், அவள் புருஷன் ஊரைவிட்டுப் போகும்வரைக்கும்.

அடுத்த ஞாயிறு ஒதிலியா வந்தாள். நெற்றியில் புருவம்வரை இறக்கிய கம்பளிப் பட்டை.

புளித்த முட்டைக்கோஸ் சூப் மேசைக்கு வந்தது. ஃபெலிக்ஸ் குனிந்து குடித்தான்.

"பட்டையைக் கழட்டு" என்றாள் ப்ரோனியா.

"குளிருதும்மா."

"அடுப்பு முதுகைச் சுடுது, குளிருதா?"

"தலைவலி."

"தலைவலி எந்தப் பக்கம்? கதவு இடிச்ச பக்கமா?"

"ப்ரோனியா, விடேன். சூப் ஆறுது" என்றான் ஃபெலிக்ஸ்.

"நீ குடி. உன்னை அப்புறம் வெச்சுக்கறேன்." மகளிடம் திரும்பினாள். "யார்டி அவன்?"

"எவன்?"

"உன்னை அடிச்சவன். பேரைச் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஒதிலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை மறைக்கக் கிண்ணத்துக்குமேல் குனிந்தாள். ஆவி முகத்தில் அடித்து வியர்த்தது. பழக்க தோஷத்தில் பட்டையை விரலால் மேலே தள்ளிவிட்டாள்.

இடது புருவத்துக்கு மேல் காயம். ஓரங்கள் பச்சை கலந்த மஞ்சள், நடுவில் இன்னும் நீலம். முஷ்டி பட்டால் இப்படி ஆகாது, கதவு இடித்தாலும் ஆகாது. ஓரம் நேர்கோடாக ஓடி ஒரு மூலையில் திரும்பியது. கொஞ்ச தூரம் சரிந்து போய் இன்னொரு மூலையில் திரும்பியது. மறுபடி நேர்கோடு.

ப்ரோனியா எழுந்தாள். ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துக்கொண்டு கோட்டு போடாமலே வெளியே போனாள். ஃபெலிக்ஸ் மகளைப் பார்த்தான், மகள் அப்பாவைப் பார்த்தாள். பின்பெட்டி மூடும் சத்தம் கேட்டது. தலைமுடியில் பனித் துகளோடு திரும்பி வந்தவள் கையில் கோடாலி இருந்தது. மகளின் தாடையைப் பிடித்து முகத்தை விளக்குக்குத் திருப்பி, சுத்தியல் முகத்தைத் தோலில் படாமல் காயத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

மூலைக்கு மூலை பொருந்தியது.

அவள் பார்வை மெதுவாகக் கணவன் பக்கம் போனது. ஃபெலிக்ஸின் கரண்டி நடுவழியில் நின்றது.

"ஏய், ஏய்! என்னடி பாக்கற? நான் அடிக்கலடி! நம்ம புள்ளடி!"

"நீ அடிக்கலைன்னு தெரியுது." அவள் உட்கார்ந்தாள். "அடிச்சது நான்தான்."

அவளே கேட்டாள்: "எங்க?"

"பழைய கல்குவாரியில" என்றாள் ஒதிலியா. "ரெண்டு வருஷமா ஏறறேன். அப்பா கீழ நின்னு கயிறு பிடிக்கறார். அவ்வளவுதான். ஒரு தடவைகூட அவர் ஏறல."

"கால் தரையை விட்டுக் கிளம்பல" என்றான் ஃபெலிக்ஸ், சத்தியப் பிரமாணம் எடுப்பதுபோல் கையை உயர்த்தி. "பூட்ஸைப் பாரு வேணும்னா."

"பாத்தேன்யா." அந்த ஒன்றைத்தான் அவள் ஒதுக்கித் தள்ளியிருந்தாள். பொருந்தாத போல்ட்டை அவள் ஒருநாளும் ஒதுக்கியதில்லை. பொருந்தாத பூட்ஸை ஒதுக்கிவிட்டாள். சொந்த மகள் சிலேட்டில் எழுத ஆரம்பித்ததே பீச்சாங்கையால்தான் என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது. "கதையைச் சொல்லு. எப்படிப் பட்டது?"

"வீசினேன். அலகு பனிக்குள்ள ஆழமாப் போயிடுச்சு. எப்பவும் போற அளவு இல்ல, முழுக்க. இழுத்தா வரல. மேல கீழ ஆட்டினேன், வரல. வலதுகை மரத்துப்போச்சு, கால் நடுங்குது. ஆத்திரத்துல ரெண்டு தடவை வெடுக்குனு இழுத்தேன். திடீர்னு வந்துடுச்சு. வந்த வேகத்துல பின்பக்கம் நேரா நெத்தியில. ஹெல்மெட்டுக்குக் கொஞ்சம் கீழ."

"விழுந்தியா?"

"அப்பா பிடிச்சிட்டார்."

"கையுறையில கோடு அன்னிக்கு விழுந்ததா?" என்று ஃபெலிக்ஸிடம் கேட்டாள். அவன் தலையாட்டினான்.

"ஆனா ஒண்ணு கேக்கறேன்மா" என்றாள் ஒதிலியா. "இது என்ன சுத்தியலா, அம்மிக்கல்லா? கோர்னெல் வெச்சிருக்கறதை வாங்கிப் பாத்தேன், பாதிகூட இல்ல. தலைப்பக்கம் இவ்வளவு கனம் இருந்தா ஆழமா இறங்காம என்ன செய்யும்?"

"அதானே" என்றான் ஃபெலிக்ஸ். கேள்வி தன்னைவிட்டு நகர்ந்ததில் தைரியம் வந்திருந்தது. "நீ இப்படிச் செய்யறவ இல்லையே. ஏன் இவ்வளவு கனமா வெச்ச?"

ப்ரோனியா சூப்பைக் கிளறினாள். ஆறிப்போயிருந்தது.

"உனக்குன்னு நெனச்சேன்யா" என்றாள், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. "லேசான சுத்தியல்னா ஒரு ஆணிக்குப் பத்து தடவை அடிக்கணும். கனமா இருந்தா ரெண்டு மூணு அடியில இறங்கிடும். பத்து அடி தாங்கற நெஞ்சா உன்னுது?"

ஃபெலிக்ஸ் கரண்டியைக் கீழே வைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாத. நீ யோக்கியன் இல்ல. கோர்னெலுக்குன்னு சொன்ன பாரு. யாருக்குன்னு சொல்லாம செய்யச் சொன்னா அது யாருக்குப் பொருந்தும்? எவனுக்கும் பொருந்தாது. அவ கண்ணு ஒரு விரக்கடை கீழ இருந்துச்சு, தெரியுமா?"

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பியா?" என்று கேட்டாள் ஒதிலியா. "சுவத்துல எழுதி மாட்டியிருக்கியே. சரி விடு, நீ செய்ய வேணாம். பஸ்சு நிலையத்துக்கிட்ட ஒருத்தன் இருக்கான், அரை மணியில வெல்டு வெச்சுக் கொடுத்துடுவான்."

"யாரு? அந்த இரும்புக் கேட்டு செய்யறவனா?"

"ஆமா. நல்லா செய்வானாம்."

"கோழிக்கூண்டுக்குக் கேட்டு செய்யறவன் அலகுல நெருப்பு வைக்கறதா?" ப்ரோனியா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "எந்திரி."

"சாப்பாடு?"

"எந்திரிடி."

மூவரும் பட்டறைக்கு நடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவு திறந்து ஊர் பார்த்ததில்லை. உள்ளே போனதும் ப்ரோனியா மகளை மேசைக்கு அந்தப் பக்கம், வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் நிறுத்தினாள்.

"கையுறையைக் கழட்டு. விரி. திருப்பு."

எத்தனையோ பேர் கையைப் பார்த்தவள், இந்தக் கையைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. மணிக்கட்டு சின்னது. விரல்கள் நீளம். உள்ளங்கையில் பிடி அழுத்திய காய்ப்பு, ஒரு பருவத்தில் வருகிற காய்ப்பு இல்லை. இரண்டு வருஷம் என்றது பொய் இல்லை. ஒருவேளை மூன்றாகக்கூட இருக்கும்.

"ரெண்டா, மூணா?"

"... மூணு."

"ம்."

ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்திச் சுத்தியலை எடுத்தாள். மொட்டைக் கோடாலியை மகளிடம் கொடுத்து, முற்றத்தில் நனைந்து உறைந்து கிடந்த விறகுக் கட்டையைக் காட்டினாள். "வீசு. பலமா வேண்டாம், எப்பவும் வீசற மாதிரி." ஒதிலியா வீசினாள். அலகு பதிந்தது. இழுத்தாள், வந்தது. ப்ரோனியா கட்டையைப் பார்க்கவே இல்லை, மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு சுத்தியலை வைஸில் மாட்டி அறுக்க ஆரம்பித்தாள். ஒரு துண்டு அறுத்து மாட்டினாள், வீசச் சொன்னாள், கழற்றினாள், மறுபடி அறுத்தாள். ஃபெலிக்ஸ் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி ஜன்னலில் வைத்தான். கடைசியில் நின்றது எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக இருந்தது.

"இதால ஆணி இறங்குமா?" என்றான்.

"மெதுவா இறங்கும். அவ நெஞ்சு நல்ல நெஞ்சு, அடிக்கட்டும்." புது ஓரங்களைத் தேய்த்து மூலையைச் சரித்தாள். "இன்னிக்கு எடுத்துட்டுப் போக முடியாது. நாளைக்குக் கழட்டிப் பாக்கணும்."

"பலகையை என்ன பண்றதாம்?" என்று ஃபெலிக்ஸ் கண்ணைச் சிமிட்டினான்.

"அது அங்கேயே தொங்கும். உன் அண்ணன் மகன் வந்து நிப்பான், அவனுக்கு வேணும்."

சனிக்கிழமை குவாரிக்கு அவளும் போனாள். கூப்பிடவில்லை, காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சுவர் முழுக்கப் பனி வழிந்து இறுகி, நடுநடுவே கறுப்புப் பாறை தெரிந்தது. ப்ரோனியா பனியை விரலால் தட்டிக் கேட்டாள். கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். ஒதிலியா ஏற்கெனவே இழுத்துப் பார்த்த முடிச்சு, ஃபெலிக்ஸும் பார்த்த முடிச்சு. ஹெல்மெட்டைப் புருவத்துக்கு இறக்கிவிட்டாள்.

"அம்மா, கண்ணே தெரியல."

"தெரியற வரைக்கும் ஏத்திக்கோ. அதுக்கு மேல ஒரு நூல் ஏத்தாத."

ஒதிலியா ஏறினாள். அலகு பதியும் சத்தம், கால்முள் உதைக்கும் சத்தம். பதித்ததை இழுக்கும்போதெல்லாம் ப்ரோனியாவின் தோள் தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. அலகு ஒவ்வொரு தடவையும் சண்டை போடாமல் வெளியே வந்தது. பாறை தொடங்கும் இடத்தில் ஒதிலியா வலது கையால் தொங்கிக்கொண்டு ஆணியை விரிசலில் வைத்து இடது கையால் அடித்தாள். அடி ஒவ்வொன்றுக்கும் சத்தம் மெல்லியதாகி, சுருதி உயர்ந்துகொண்டே போனது. இவ்வளவு வருஷமாகச் சுத்தியல் செய்கிறாள், அது ஆணியில் படும் சத்தத்தை ப்ரோனியா மலைச்சுவரில் கேட்பது இதுதான் முதல் தடவை.

"கேட்டியா?" என்று கிசுகிசுத்தான் ஃபெலிக்ஸ். "எப்படிப் பாடுது பாரு. கல்லு கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. இப்போ நிம்மதியா?"

ப்ரோனியா மேலே பார்க்கவில்லை. கயிறு ஓடும் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சைக் குறைச்சுக் கயிறைப் பிடிய்யா. அவ இறங்கி வரட்டும், சொல்றேன்."